பழுது எது, குரல் எது

டிரம்ஸ் ஒலிகளைத் தானே எழுப்பித் தாளம் போடும் கருவியான பழைய டிரம் மெஷின் ஒன்று கைக்கு வந்துவிட்டால், மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற அத்தனை கபாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். நாற்பது வருடம் தாண்டிய பாகங்கள். போனது போக, போகாததும் நாளைக்குப் போகும். மொத்தமாக மாற்றிவிட்டால் கவலை விட்டது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சரிசெய்து பழகியவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும். அவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும். அனலாக் டிரம் மெஷின் வேறு ரகம். ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலி வெளியிலிருந்து வருகிறது. பாகங்கள் அதைச் சுமந்துபோய் மறுபக்கம் விடுகின்றன. டிரம் மெஷினுக்குள் அந்தப் பாகங்களேதான் ஒலியை உண்டாக்குகின்றன. ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு கொஞ்சம் தள்ளியிருந்தால், அந்தக் கொஞ்சமும் டிரம்மின் சுருதியாகக் காதில் விழும்.

அதனால் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இதில் தெரிவது பழுதா, இல்லை இந்த மெஷினின் குரலா? நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

என்னிடம் இருப்பது ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டிஆர்-808. பல வருடம் யாரும் தொடாமல் ஒரு அலமாரியில் கிடந்தது. வந்தபோது மின்சாரம் ஏறியது, விளக்குகள் எரிந்தன. பாதி பொத்தான்கள் வேலை செய்யவில்லை, போட்ட தாளம் நினைவில் நிற்கவில்லை, ஸ்நேர் டிரம் ஒலியில் உயிரே இல்லை, கைதட்டல் ஒலி சுத்தமாக இல்லை. வெளிப்புறம் மட்டும் நன்றாக இருந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக வரிசை கட்டிய அந்தப் பதினாறு பொத்தான்களில் ஒன்றின் நிறம்கூட மங்கவில்லை.

808 வெளிவந்தது 1980-ல். 1983-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 12,000 மெஷின்கள். அதே 1980-ல்தான் ரோஜர் லின் தன் எல்எம்-1 மெஷினைக் கொண்டுவந்தார். அதில் நிஜ டிரம்ஸைப் பதிவுசெய்து சிப்புக்குள் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது 808 பலருக்குப் பொம்மை மாதிரி ஒலித்தது. விலை இறங்கிப் பழைய பொருளாக விற்கப்பட்ட பிறகுதான் ஹிப்ஹாப்பும் எலக்ட்ரோவும் ஹவுஸும் டெக்னோவும் செய்துகொண்டிருந்த இளைஞர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று சொல்லப்பட்ட குறையையே அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

நிறுத்தியதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டிய காரணம் அது. 808-ல் இரைச்சல் ஒலியை உண்டாக்கத் தரக்கட்டுப்பாட்டில் தேறாத டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கிப் போட்டார்கள். அந்தக் குறையிலிருந்துதான் அந்தச் சீறல் வந்தது. ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகெஹாஷி பின்னாளில் இதைத் தானே சொல்லியிருக்கிறார். குறைக்கடத்தித் தயாரிப்பு தேறிக்கொண்டே போனதும் அப்படிப்பட்ட கழிவு டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போயின, மெஷினும் நின்றது. ஒரு கருவியின் குணமே தேறாத பாகத்தில் இருக்கும்போது, "தேறாததை மாற்று" என்ற பட்டறை விதியை அதன் மேல் அப்படியே பாய்ச்ச முடியாது.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் மின்வழங்கி. இங்கே எனக்குத் தயக்கமே கிடையாது. முதலில் மெஷின் எந்த மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்று பின்பக்கத் தகட்டைப் பார்க்க வேண்டும். ஜப்பான் சந்தைக்கான மெஷின் 100 வோல்ட்டுக்கு உரியது. அதைத் தெரியாமல் 230 வோல்ட்டில் செருகினால் பேச்சுக்கு இடமில்லை. சரியான டிரான்ஸ்பார்மர் இருந்தாலும், பல வருடம் கிடந்த மெஷினை நேராகச் செருகக்கூடாது. ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டு, நம் எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லாம்ப் என்று சொல்வார்களே, அதன் வழியாகத்தான் முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், மெஷின் தப்பிக்கும். சரியாக இருந்தால் ஒரு முறை மினுக்கி மங்கிவிடும்.

அடுத்து, ஒலி போர்டுக்குப் போகும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு மின்வழங்கியை மட்டும் தனியாக அளக்க வேண்டும். 808-ல் +15, -15, +5 வோல்ட் என்று மூன்று மின்னழுத்த வரிசை. மூன்றும் நின்றபிறகு மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, அதே முனைகளில் எவ்வளவு அலை மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் மெஷினில் -15 வரிசையில் அந்த அலை அதிகமாக இருந்தது. அங்கே இருந்த பெரிய எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்களுக்குள் திரவம் வற்றி, உள்தடை ஏறியிருந்தது. மின்வழங்கியில் இருந்த எலக்ட்ரோலிடிக் அத்தனையையும் 105 டிகிரி தாங்கும் புதியவற்றால் மாற்றினேன். மின்வழங்கி கபாசிட்டரில் குரல் ஏதும் கிடையாது. அதிலிருந்து வரும் ஹம் என்ற ரீங்காரத்தை வைத்துக்கொண்டு "பழைய வாசனை" என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1980-ல் அது தொழிற்சாலையிலிருந்து அந்த ஹம்மோடு வெளியே வரவில்லை.

பேட்டரி அறைக்கும் இதே முடிவுதான். மின்சாரம் இல்லாதபோது தாளங்களை நினைவில் வைக்க 808-ன் பின்பக்கத்தில் மூன்று ஏஏ பேட்டரிகள் போட வேண்டும். யாரோ போட்டுவிட்டு மறந்த பேட்டரிகள் கசிந்து, தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இங்கே பலர் சமையல் சோடாவைக் கரைத்துத் துடைக்கிறார்கள். அது கார் பேட்டரி மாதிரி அமிலம் கசியும் இடத்துக்குச் சரி. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்தை முறிக்க மெல்லிய அமிலம் வேண்டும். வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு வாலை வடி நீரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். தகட்டோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. அந்தத் திரவம் கம்பியின் உறைக்குள் இழை இழையாக ஏறிப் போயிருக்கும். உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும்; அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. அந்தக் கம்பியைச் சுரண்டிச் சரிசெய்ய முயல்வது வீண். முழுக்க மாற்றிவிட வேண்டும். நான் மாற்றியதும் நினைவு திரும்பிவிட்டது. ரேம் சிப்பில் எந்தக் குறையும் இல்லை.

பொத்தான்களுக்கு வருவோம். வேலை செய்யாத ஒன்றைக் கழற்றி, அதன் உலோக உறையின் மடிப்புகளை மெல்லிய ஊசியால் நெம்பித் திறந்தேன். உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிந்தது. நடுவில் குவிந்த ஒரு சின்ன உலோகத் தகடு. விரல் அழுத்தினால் அது மடங்கி, கீழே உள்ள புள்ளியைத் தொட வேண்டும். தகட்டின் அடிப்பக்கமும் அந்தப் புள்ளியும் கறுத்துப் போயிருந்தன. வெள்ளி முலாம் காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. ஒரு மெல்லிய காகிதக் கீற்றை ஆல்கஹாலில் நனைத்து, இரண்டுக்கும் நடுவில் செருகி, லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கீற்றில் ஒரு சாம்பல் கோடு விழுந்தது. இன்னொரு கீற்று, இன்னொரு கோடு. கோடு விழாமல் கீற்று வெளுப்பாக வந்தபோது தடையை அளந்தால் ஒரு ஓம்கூட இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் முலாமே போயிருக்கும்; சில மாதத்தில் மறுபடியும் கறுத்திருக்கும்.

துரு ஏறிய தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெயை இந்தப் பொத்தான்களுக்குள் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு வேலை செய்யும். எண்ணெய் உள்ளே தங்கி, தூசியைச் சேர்த்து, ஒரு பசையாகிவிடும். மின் தொடர்புகளுக்கென்று செய்த கிளீனரைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது. சில பொத்தான்களில் அந்தக் குவிந்த தகடே தளர்ந்திருந்தது. அவற்றைப் புதியவையாக மாற்றினேன். பொத்தான் ஒலியைத் தொடுவதில்லை. அது விரலுக்கும் சிப்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு. அதை மாற்றலாம். ஆனால் மாற்றும்போது போர்டைப் பற்றித்தான் பயம். அந்தக் காலத்து ஒற்றைப் பக்க போர்டுகளில் செம்புத் தடங்கள் சூட்டுக்குச் சட்டென்று உரிந்து எழுந்துவிடும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கி, பிறகு உறிஞ்சினால் குறைந்த சூட்டில் சுத்தமாக வந்துவிடும். ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலைப் போர்டின் மேல் வைத்துத் தேய்க்காமல், வைத்து, காத்திருந்து, எடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மின்கருவிக்கும் பொருந்தும். இனிமேல்தான் டிரம் மெஷின்.

ஸ்நேரில் அந்தச் சரசரப்பு இல்லை. கைதட்டல் இல்லை. மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை ஒலி இல்லை. டாம் ஒலிகள் வறண்டு, பின்னால் வரவேண்டிய அந்த மெல்லிய அலை இல்லாமல் இருந்தன. பேஸ் டிரம்மும் காங்காவும் கௌபெல்லும் நன்றாக இருந்தன. இப்படி ஒரு பட்டியலைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதே பாதி வேலை. கெட்டவை அத்தனைக்கும் இரைச்சல் வேண்டும். நல்லவை எவற்றுக்கும் வேண்டாம். காங்காவும் டாமும் ஒரே சர்க்யூட்டைச் சுவிட்ச் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. வித்தியாசம் சுருதியில் கொஞ்சம். மற்றபடி டாமில் மட்டும் இரைச்சல் சேர்கிறது. காங்கா சரியாக இருந்து டாம் மட்டும் வறண்டிருந்தால், சந்தேகம் நேராகப் பொது இரைச்சல் மூலத்தின் மேல்தான் போக வேண்டும்.

அந்த மூலம் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அதன் எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவில் மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுத்து, அந்தச் சந்தியை உடைபடும் நிலையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கே எலக்ட்ரான்கள் ஒழுங்கில்லாமல் பாய்வதுதான் ஒலியாக மாறுகிறது. 2எஸ்சி828 என்ற வகை. அதிலும் இரைச்சலுக்காகப் பொறுக்கியெடுத்தவை. இந்த இடத்தில்தான் பலர் அதைக் கழற்றி, கையில் இருக்கும் ஏதோ ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டுவிடுகிறார்கள். இரைச்சல் வந்துவிடும், கைதட்டல் கேட்கும், வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் புதிய டிரான்சிஸ்டரின் இரைச்சல் அளவு வேறு, அதன் தன்மையும் வேறு. ஸ்நேரும் கைதட்டலும் டாமும் மராக்காஸும் எல்லாம் ஒரே நேரத்தில் வேறு மெஷினாகிவிடும்.

மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை எடுத்தேன். முதலில் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் வைத்தேன். திரையில் நல்ல தடிமனான புல்வெளி. இரைச்சல் அங்கே முழு உயிரோடு இருந்தது. அதற்கு அடுத்து ஒரு சின்ன எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர். நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடும் வேலை அதற்கு. அதன் மறு முனையில் வைத்தேன். வெறும் கோடு. டிரான்சிஸ்டர் நன்றாக இருக்கிறது. அதன் வாயைத்தான் யாரோ மூடியிருக்கிறார்கள். அந்தக் கபாசிட்டரைக் கழற்றி அளந்தபோது மதிப்பே காட்டவில்லை. அதே மதிப்பில் புதியது ஒன்றைப் போட்டதும் ஸ்நேரின் சரசரப்பு, டாமின் வால், மராக்காஸ், கைதட்டல் எல்லாம் ஒருசேரத் திரும்பின. 808-ன் கைதட்டல் என்பது அந்த இரைச்சலை 1,000 ஹெர்ட்ஸ் அருகே வடிகட்டி, மில்லி விநாடிகள் இடைவெளியில் அடுத்தடுத்து வெட்டி, கடைசியில் ஒரு வாலைச் சேர்ப்பதுதான். பலர் கொஞ்சம் முன்பின்னாகத் தட்டுவது மாதிரி அது கேட்பதற்கு அந்த வெட்டுகளே காரணம். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், அந்த ஒலி 1980-ல் அந்த டிரான்சிஸ்டரிலிருந்து வந்த அதே ஒலி என்பதால்தான்.

கபாசிட்டர் பழுது. டிரான்சிஸ்டர் குரல். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சென்டிமீட்டர் தடம்.

ஹைஹாட், சிம்பல், கௌபெல் மூன்றும் இன்னும் நுட்பமானவை. இந்த மூன்றுக்கும் பொதுவாக ஆறு ஆசிலேட்டர்கள், அதாவது இடைவிடாமல் அலை எழுப்பும் சர்க்யூட்டுகள், இருக்கின்றன. ஆறும் சதுர அலை. ஆறும் ஒரே ஐசிக்குள் இருக்கும் ஆறு ஷ்மிட் டிரிக்கர் இன்வெர்ட்டர்களிலிருந்து, அதாவது மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று மறுநிலைக்குப் புரளும் சர்க்யூட்டுகளிலிருந்து, வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கபாசிட்டர். ஒன்றோடொன்று சேராத ஆறு சுருதிகளைக் கலந்து, மேல் அதிர்வுகளை மட்டும் வடிகட்டினால் உலோகம் அடிபடும் ஒலி வருகிறது. கௌபெல்லுக்கு அவற்றில் இரண்டு மட்டும்: 540 ஹெர்ட்ஸும் 800 ஹெர்ட்ஸும். இந்த இரண்டையும் திருத்திக்கொள்ள போர்டில் டிரிம்மர் என்ற சின்னத் திருகு வைத்திருக்கிறார்கள். கௌபெல்லைச் சர்வீஸ் நோட்ஸில் சொன்னபடி கொண்டுவருவது கால் மணி நேர வேலை.

மற்ற நான்குக்கும் டிரிம்மரே கிடையாது. அந்தந்த மெஷினுக்கு எந்த ரெசிஸ்டர், எந்தக் கபாசிட்டர் வந்து அமைந்ததோ அதுதான் அதன் சுருதி. அதனால்தான் இரண்டு 808-களின் ஹைஹாட் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் கூர்மையாக இருக்கும், இன்னொன்று அடங்கியிருக்கும். இணையத்தில் சொல்லப்படும் ஹெர்ட்ஸ் எண்களைப் பார்த்துவிட்டு, தன் மெஷினில் அவை வரவில்லை என்று ரெசிஸ்டர்களைக் கழற்றித் துல்லியமான ஒரு சதவீத ரெசிஸ்டர்களைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் கடைசியில் இருப்பது காகிதத்தில் உள்ள 808. தொழிற்சாலையிலிருந்து வந்த அவர்களுடைய 808 குப்பைக்கூடையில் இருக்கிறது.

அந்த ஐசியையும் காரணமில்லாமல் தொடக்கூடாது. ஷ்மிட் டிரிக்கர் எந்த மின்னழுத்தத்தில் மேலே புரளும், எந்த மின்னழுத்தத்தில் கீழே புரளும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். கால் அமைப்பு ஒன்றாக இருக்கிறது என்று வேறு ஒருவர் தயாரித்த சிப்பைப் போட்டால் ஆறு ஆசிலேட்டர்களும் சேர்ந்து நகர்ந்துவிடும். கௌபெல்லை டிரிம்மரால் மீட்டுவிடலாம், சிம்பலை மீட்க முடியாது. உண்மையிலேயே அந்த ஐசி செத்துவிட்டால் வேறு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அதனால் அது உயிரோடு இருக்கும்போதே ஆறு ஆசிலேட்டர்களின் அதிர்வெண்ணையும் அளந்து எழுதிவைத்துவிடுங்கள். நாளைக்குப் புதிய சிப் போட நேர்ந்தால் எங்கே திரும்பி வரவேண்டும் என்பதாவது தெரியும்.

பேஸ் டிரம்மைப் பற்றிச் சொல்லாமல் 808-ஐப் பற்றிப் பேச முடியாது. அதில் ஆசிலேட்டர் என்று எதுவும் இல்லை. பிரிட்ஜ்ட்-டி என்ற ஒரு ஃபில்டர், ஆப்-ஆம்ப் என்ற ஒரு பெருக்கிச் சிப்பைச் சுற்றி. ஏறக்குறைய ஒரு மில்லி விநாடித் துடிப்பு ஒன்று வந்து அதைத் தட்டுகிறது. தட்டிய மணி தானே ஒலித்து அடங்குவதைப் போல, அந்த ஃபில்டர் 50 ஹெர்ட்ஸ் அருகே அதிர்ந்து அடங்குகிறது. முதல் சில மில்லி விநாடிகளில் மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் திறந்து தடையைக் குறைத்துவிடுவதால் சுருதி மேலே எழும்பி, உடனே இறங்குகிறது. அதுதான் முதல் அடியின் அந்தக் குத்து. டிகே குமிழைத் திருப்பினால் ஃபீட்பேக் கூடி, அதிர்வு அடங்க அதிக நேரம் எடுக்கும். ஸ்கோப்பில் இதைப் பார்க்காதவர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஒரே ஒரு செங்குத்துக் கோடு, அதன் பின்னால் நெருக்கமாக ஒரு அலை, பிறகு அகலமான அலைகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, நேர்கோட்டில் போய்ச் சேரும்.

இந்தச் சுருதியை நிர்ணயிப்பவை ஃபிலிம் கபாசிட்டர்கள். உள்ளே திரவம் இல்லாத வகை. வற்ற எதுவும் இல்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் பெரும்பாலும் தன் மதிப்பிலேயே நிற்கும். எல்லாக் கபாசிட்டரையும் மாற்றும் "முழு ரீகேப்" என்ற பெயரில் இவற்றையும் சேர்த்துப் பிடுங்குவதைப் போல வருத்தம் தரும் வேலை வேறு இல்லை. என் மெஷினின் பேஸ் டிரம் சர்க்யூட்டில் நான் எதையும் மாற்றவில்லை. குமிழ்களின் உள்ளே கிளீனர் விட்டு, இரண்டு கோடிக்கும் பலமுறை திருப்பி, கரகரப்பை எடுத்ததோடு சரி.

ஒலியைப் பதிவுசெய்து வைத்திருக்கும் மெஷின்களில் இந்தக் கணக்கே தலைகீழ். எல்எம்-1, 1982-ல் வந்த லின்டிரம் போன்றவற்றில் டிரம் ஒலி இபிராம் சிப்புகளுக்குள் எண்களாக இருக்கிறது. சிப்பின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்; புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே உள்ளது அழியும், அதனால் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கர் உரிந்திருந்தால் முதல் வேலையாக வேறு ஒட்டிவிடுங்கள். ஒட்டியிருந்தாலும், உள்ளே சிறைப்பட்ட மின்னூட்டம் பல பத்து வருடங்களில் மெல்லக் கசிகிறது. ஸ்நேரின் நடுவில் திடீரென்று ஒரு டிக் ஒலி கேட்டால் ஒரு பிட் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். இபிராம் புரோகிராமர் ஒன்றில் வைத்து இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, கோப்பாகச் சேமித்துவிட வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் புதிய சிப்பில் எழுதிக்கொள்ளலாம். அங்கே குரல் என்பது எண். எண்ணைப் பிரதி எடுத்தால் எதுவும் குறைவதில்லை. 1983-ல் வந்த டிஆர்-909 இரண்டும் கலந்தது: பேஸ் டிரம்மும் ஸ்நேரும் டாமும் அனலாக், ஹைஹாட்டும் சிம்பலும் 6 பிட் பதிவுகள். ஒரே மெஷினுக்குள் இரண்டு வகைக் கவனமும் வேண்டும்.

மின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பொது மொழியான மிடியைப் போடலாமா என்று இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் யோசிப்பார்கள். மிடி 1983-ல் வந்தது. அதைக் கொண்டுவந்ததற்காகக் காகெஹாஷிக்கும் சின்தசைசர் வடிவமைப்பாளர் டேவ் ஸ்மித்துக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள். 808 அதற்கு முந்தியது. அதில் இருப்பது டின் சிங்க், அதாவது இரண்டு மெஷின்களின் தாள வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பழைய இணைப்பு. ஐந்து கால் சாக்கெட், பார்க்க மிடி மாதிரியே இருக்கும், உள்ளே ஓடுவது வேறு: ஒரு காலில் ஓடு, நில் என்ற சமிக்ஞை, இன்னொரு காலில் ஒவ்வொரு குவார்ட்டர் நோட்டுக்கும் 24 துடிப்புகள். மிடி கேபிளை நேராகச் செருகினால் எதுவும் நடக்காது. உள்ளே பொருத்தும் மிடி போர்டுகள் கிடைக்கின்றன, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனாலும் பெட்டியைத் துளைப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். மிடியை டின் சிங்காக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை வெளியே வைத்தால் அதே வேலை நடக்கும்; போட்ட துளையை அடைக்க முடியாது.

வேலை முடிந்த மெஷினைப் பராமரிப்பது பெரிய காரியமில்லை. மாதம் ஒரு தடவையாவது மின்சாரம் ஏற்றி, கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். எலக்ட்ரோலிடிக் கபாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடுப் படலம் மின்னழுத்தம் பட்டால்தான் திடமாக இருக்கும். சும்மா கிடந்தே கெட்டுப்போகும் பாகம் அது. ஓடும்போது எல்லாக் குமிழ்களையும் ஒரு தடவை கோடிக்குக் கோடி திருப்பிவிடலாம். பேட்டரியை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், தீர்ந்தாலும் தீராவிட்டாலும். மாற்றும்போது மெஷினை ஓட விட்டே மாற்றினால் தாளங்கள் அழியாது. நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால், தாளங்கள் போனாலும் பரவாயில்லை, பேட்டரியை எடுத்துவிடுங்கள். தாளத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஈரமில்லாத இடம், தூசிக்கு ஒரு துணி உறை, அவ்வளவுதான்.

கழற்றிய பாகங்கள் எதையும் நான் எறிவதில்லை. ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது, ஏன் எடுத்தேன், என்ன மதிப்பு காட்டியது, எந்தத் தேதி என்று எழுதி, மெஷினின் கையேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆறு ஆசிலேட்டர்களின் அதிர்வெண்களும் அந்தத் தாளில் உண்டு. எனக்குப் பிறகு இதைத் திறக்கப்போகிறவருக்கு எது 1980-ஐச் சேர்ந்தது, எது என் கை பட்டது என்று தேடாமல் தெரிய வேண்டும்.

இப்போதைக்கு மிச்சமிருப்பது டெம்போ குமிழ். நடுவில் ஒரு இடத்தில் தாளம் தடுமாறுகிறது. கிளீனர் விட்டும் அடங்கவில்லை. உள்ளே கார்பன் பாதை தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். டெம்போ வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது, ஒலியைத் தொடுவதில்லை. ஆகவே மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. அதே மதிப்பும், பழைய குமிழ் சரியாக உட்காரும் அதே தண்டும் கொண்ட பொட்டன்ஷியோமீட்டர் வேண்டும். அது கிடைக்கும் வரைக்கும் டின் சிங்க் வழியாக வெளியிலிருந்து தாளம் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஓட்டும்போது அந்தக் குமிழுக்கு வேலையே இல்லை.